யாருக்கு விற்ற விளையாட்டு?

பழைய வீடியோ கேம் விளம்பரங்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். திரையில் நாலு சதுரங்கள் நகர்வதுதான் மொத்த விளையாட்டு. விளம்பரத்திலோ பீரங்கி முழங்குகிறது, விமானம் பற்றி எரிகிறது, வீரன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்கிறான். “என்னமாய் ஏமாற்றியிருக்கிறார்கள்!” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவசரமில்லை என்றால் டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்த விளம்பரங்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தால் போதும், ஒரு தொழிலின் முதல் முப்பது ஆண்டுக் கதையை அவை தாமாகவே சொல்லிவிடும். கேள்வி இதுதான்: இந்தப் பக்கம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

முதலில் 1971க்குப் போவோம். கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் இருந்த நட்டிங் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற இயந்திரத்தை வெளியிட்டது. காசு போட்டு விளையாடும் வீடியோ கேம்களில் வணிகரீதியாக விற்பனைக்கு வந்த முதல் இயந்திரம் அது. வடிவமைத்தவர்கள் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி. மறு ஆண்டே அடாரியைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான். அந்த இயந்திரத்துக்கு அடித்த நோட்டீஸ் இன்றும் கிடைக்கிறது. வளைந்து நெளிந்த ஃபைபர் கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் மெல்லிய உடை அணிந்த ஒரு பெண். அவள் விளையாடவில்லை, சும்மா நிற்கிறாள்.

விளையாடப் போகிறவர்களுக்கு இந்தப் படத்தால் என்ன பயன்? ஒன்றுமில்லை. ஏனென்றால் இந்த நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. மதுக்கடைகளிலும் பொழுதுபோக்குக் கூடங்களிலும் பாட்டுப் பெட்டி, பின்பால் இயந்திரம் வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்த தொழில்காரர்களுக்காக அச்சிட்டது அது. பெட்டி கண்ணைப் பறிக்கிறதா, நம் கடையில் வைத்தால் ஆள் நின்று பார்ப்பானா என்பதுதான் அவர்களுடைய கவலை. விளையாட்டு என்ன என்பது இரண்டாம் பட்சம். நோட்டீஸும் அவர்கள் கவலைக்குத்தான் பதில் சொன்னது.

1972இல் விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பை மேக்னவாக்ஸ் நிறுவனம் ‘ஒடிசி’ என்ற பெயரில் விற்றது. ஒலி கிடையாது, நிறம் கிடையாது, ஸ்கோர் கூடத் திரையில் வராது. வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும் நகரும். மைதானம், காடு, மேசை எல்லாம் வேண்டுமென்றால், பெட்டியோடு வரும் வண்ணப் பிளாஸ்டிக் தாளை டி.வி. திரையின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். கூடவே பகடை, சீட்டு, பொம்மைப் பணம். அந்தக் காலத்து விளம்பரப் படத்தில் குடும்பமே டி.வி. முன் உட்கார்ந்திருக்கும்.

இங்கே விளம்பரத்துக்கு வேறொரு பாரம். ‘எங்கள் கேம் மற்றதைவிட நல்லது’ என்று சொல்வதற்கு முன்பு, டி.வி.யில் விளையாட முடியும் என்பதையே மக்களுக்குப் புரியவைக்க வேண்டும். நிலையம் அனுப்புவதைப் பார்ப்பதற்கான பெட்டி என்றுதான் அதுவரை எல்லோரும் டி.வி.யை நினைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, ஒடிசியை மேக்னவாக்ஸ் கடைகளில் மட்டுமே விற்றதால் அது மேக்னவாக்ஸ் டி.வி.யில்தான் ஓடும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். எந்த டி.வி.யிலும் ஓடும் என்ற சேதி உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 1977இல், அடாரி தன் வீட்டுக் கன்சோலைக் கொண்டுவந்தபோது அந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தது. ‘இன்று இரவு டி.வி. பார்க்காதீர்கள், விளையாடுங்கள்’ என்ற பொருளில் அது வைத்த தலைப்பு புகழ்பெற்றது. அந்தக் கால அடாரி படங்களைப் பாருங்கள். அப்பா, அம்மா, மகள், மகன், சில இடங்களில் தாத்தா பாட்டி வரை ஆளுக்கொரு சிரிப்போடு இருப்பார்கள். கன்சோல் விலை 200 டாலருக்குச் சற்றுக் குறைவு. சிறுவனின் கைச்செலவுக் காசில் வாங்கும் பொருள் இல்லை அது. குடும்பமே கூடி முடிவெடுத்து வாங்க வேண்டும். அதனால் விளம்பரமும் மொத்தக் குடும்பத்தையும் கூட்டி உட்காரவைத்துப் பேசியது.

பெட்டிமேல் போட்ட எண்களும் அந்தக் குடும்பத் தலைவருக்காகத்தான். கன்சோலோடு வந்த, அதில் செருகி ஆடும் ‘காம்பாட்’ கார்ட்ரிட்ஜில் 27 கேம்கள் என்று எழுதியிருக்கும். 1980இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 112 கேம்கள் என்றது. உண்மையில் ஒரே விளையாட்டுதான். குண்டு வளைந்து போகுமா நேராகப் போகுமா, எதிரி கண்ணுக்குத் தெரிவானா மாட்டானா, விளையாடுபவர் ஒருவரா இருவரா என்று விதிகளை மாற்றி மாற்றி அடுக்கியதில் வந்த எண்ணிக்கை அது. பொய் என்று தள்ளவும் முடியாது, முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது. கொடுக்கிற காசுக்கு என்ன வருகிறது என்று கணக்குப் பார்க்கிறவருக்குச் சொன்ன கணக்கு.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன பீரங்கி முழங்கும் விளம்பர ஓவியங்களுக்கு வருவோம். அடாரி கன்சோலின் வேலை நினைவகம் 128 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் வீதம் போட்டால் 128 எழுத்து, அவ்வளவுதான். ஒரு முழுத் திரைப் படத்தைச் சேர்த்து வைக்க அதற்குள் இடமே இல்லை. டி.வி.யின் மின்கற்றை திரையில் ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு வரும்போதே, அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்று புரோகிராம் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஆரம்பகால கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 4 கிலோபைட்தான் இடம். இந்த நெருக்கடியில் பீரங்கி என்பது எட்டுப் புள்ளி அகலமுள்ள ஒரு பொம்மை.

அதை அப்படியே அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்களிடம் வேலை போனது. அவர்கள் வரைந்தது திரையில் தெரிவதை அல்ல, விளையாடுபவர் மனதில் நடக்க வேண்டியதை. நம் ஊரில் தியேட்டர் வாசலில் கையால் வரைந்து நிறுத்திய சினிமா பேனரை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இல்லாத தீப்பிழம்பு பேனரில் இருக்கும், யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை. ஒரு வித்தியாசம், பேனரைப் பார்த்தவர் சில நாட்களில் அதை மறந்துவிடுவார். கேம் பெட்டியின் ஓவியமோ விளையாடும்போதெல்லாம் பக்கத்திலேயே கிடக்கும். அந்தச் சதுரம் பீரங்கிதான் என்று நம்ப வேண்டிய மிச்ச வேலையை அது செய்துகொண்டே இருந்தது. அந்த வகையில் ஓவியமும் விளையாட்டின் ஒரு பாகம்தான்.

சரி, ஓவியம் வேண்டாம், திரையையே புகைப்படம் எடுத்துப் போடலாமே என்று கேட்கலாம். அதுவும் லேசான காரியம் இல்லை. அந்தக் காலத்துக் குழாய் டி.வி.யில் படம் நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் புதிதாக வரையப்படும். கேமராவின் ஷட்டர் வேகமாக மூடினால் திரையில் பாதிதான் விழும். அதனால் அறையை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை மெதுவாக வைத்து எடுப்பார்கள். அடாரியின் 1982 ‘பேக்மேன்’ இன்னும் ஒரு தொல்லை கொடுக்கும். நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் காட்டத் திணறியதால், முறைவைத்து ஒவ்வொன்றாக மின்ன வைத்திருந்தார்கள். வேகமான ஷட்டரில் ஒரே பேய்தான் சிக்கும். மெதுவான ஷட்டரில் நான்கும் விழும், ஆனால் வெளிறிப்போய். இதனால்தான் பல விளம்பரங்களில் திரையைப் போலவே ஒரு படத்தை வரைந்து ஒட்டிவிட்டு, ‘மாதிரிப் படம்’ என்ற பொருளில் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டார்கள்.

திரையைத் துணிந்து காட்டிய நிறுவனமும் உண்டு. மேட்டல் நிறுவனத்தின் ‘இன்டெலிவிஷன்’ கன்சோல் அடாரியைவிடத் தெளிவான படம் தரும், விலையும் கூடுதல், சுமார் 300 டாலர். 1980களின் தொடக்கத்தில் அது ஜார்ஜ் பிளிம்ப்டன் என்ற எழுத்தாளரை விளம்பரத்துக்குக் கூட்டி வந்தது. ‘தி பாரிஸ் ரிவ்யூ’ இலக்கிய இதழின் ஆசிரியர் அவர். தொழில்முறை வீரர்களோடு தானே களம் இறங்கி விளையாடிப் பார்த்து எழுதியதற்காகப் பேர் வாங்கியவரும்கூட. அவர் கோட்டும் டையுமாக நிற்க, இரண்டு திரைகள் பக்கத்துப் பக்கத்தில். அடாரியின் பேஸ்பாலில் இரண்டு மூன்று பொம்மைகள். இன்டெலிவிஷனில் முழு மைதானம்.

யாரைப் பார்த்துப் பேசுகிறது இது? சிறுவர்களுக்கு பிளிம்ப்டன் யாரென்றே தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மேட்ச் பார்க்கும், பத்திரிகை படிக்கும், 300 டாலர் எடுத்து வைக்க முடிந்த ஓர் அப்பாவைத்தான் அந்தப் பக்கம் தேடுகிறது. பொழுதுபோக்குக் கூடங்களில் பிள்ளைகள் பைத்தியமாகச் சுற்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீட்டில் வேண்டுமென்றால் அடாரிதான் வாங்க வேண்டும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. அதை அப்பாவுக்குச் சொல்லப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதே சமயத்தில் வேறொரு முகமும் விளம்பரத்தில் தெரிய ஆரம்பித்தது. அடாரியில் கேம் எழுதிய புரோகிராமர்களின் பெயர் எங்கும் வராது. அந்தக் கோபத்தில் வெளியேறிய டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர், இசைத்தட்டுத் துறையிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். யார் எழுதிய கேம் என்று ஆக்டிவிஷன் பெயர் போட்டு விற்றது. 1983இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. இரட்டைப் பக்க விளம்பரம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம், ஒரு கேம் காட்சி கூடக் கிடையாது. பில் பட்ஜ் முதலிய புரோகிராமர்கள் ஒரு ராக் இசைக்குழு போல முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எடுத்தவர் நார்மன் சீஃப், இசைக் கலைஞர்களைப் படம் எடுப்பதில் பேர்போனவர். தலைப்பு ஒரு கேள்வி: கம்ப்யூட்டரால் உங்களை அழவைக்க முடியுமா?

இது கேமை விற்கும் விளம்பரம் என்பதைவிட, கேம் எழுதுவது கலை என்று வாதாடும் விளம்பரம். வாங்குகிறவரை மட்டும் பார்த்து அது பேசவில்லை என்பது என் ஊகம். வேறு நிறுவனத்தில் பேர் தெரியாமல் உழைத்துக்கொண்டிருந்த திறமைசாலி எவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு கணம் ஏங்கியிருப்பார்.

அதே ஆண்டுகளில், படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஆடும் ‘ஸார்க்’ போன்ற கேம்களை விற்ற இன்ஃபோகாம் செய்ததையும் சொல்லியாக வேண்டும். போட்டி நிறுவனங்கள் வண்ணத்தையும் அசைவையும் காட்டிக்கொண்டிருந்தபோது இன்ஃபோகாம் ஒரு மூளையின் படத்தைப் போட்டது. உலகிலேயே வல்லமை மிக்க கிராபிக்ஸ் கருவி உங்கள் தலைக்குள் இருக்கிறது என்பது வாதம். குறையையே சரக்காக்கிய சாமர்த்தியம் அது. வாசிக்கத் தெரிந்தவர் என்ற பெருமையைத் தட்டிக்கொடுத்து விற்றார்கள்.

பிறகு வந்தது சரிவு. 1982இல் ‘ஸ்வார்ட்குவெஸ்ட்’ என்ற நாலு பாகப் போட்டியை அடாரி அறிவித்தது. புதிரை விடுவித்து வெல்பவருக்குத் தங்கமும் மணியும் பதித்த பரிசுகள், ஒவ்வொன்றும் 25,000 டாலர் மதிப்பு, கடைசிப் பரிசான வாளுக்கு 50,000. கேமோடு டி.சி. காமிக்ஸ் புத்தகங்களும் வந்தன. அடாரியும் டி.சி.யும் அப்போது வார்னர் நிறுவனத்தின் கையில். முதல் இரண்டு பரிசுகள் கொடுக்கப்பட்டன. அதோடு போட்டி நின்றது. நாலாவது கேம் அப்போது வரவே இல்லை. வாக்குறுதி கொடுத்த விளம்பரம் மட்டும் தாளில் நிற்கிறது. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை குப்புற விழுந்தது. தரமில்லாத சரக்கு கடைகளில் குவிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை அடாரி நியூ மெக்சிகோவின் அலமகார்டோவில் குழிதோண்டிப் புதைத்தது.

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் கன்சோலோடு நியூயார்க்கில் கடை விரித்தபோது, வீடியோ கேம் என்றாலே கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே விளம்பரத்தின் முன்வரிசையில் கேம் இல்லை, ‘ராப்’ என்ற பொம்மை ரோபோ நின்றது. அந்த ரோபோ வேலை செய்தது இரண்டே கேம்களில்தான். ஆனால் இது பொம்மைக் கடையில் வைக்கும் சாமான் என்று கடைக்காரரை நம்பவைக்க அது போதும். இன்னொன்றும் செய்தார்கள். ஆரம்பகாலக் கறுப்புப் பெட்டிகளின் மேல் ஓவியம் வரையவில்லை. திரையில் தெரியும் அதே புள்ளிப் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டார்கள். ஓவியத்தை நம்பிச் சூடுபட்ட பெற்றோருக்கு ‘உள்ளே இருப்பது இதுதான்’ என்று சொன்ன பதில் அது. மொத்தக் கதையிலும் நேர்மையே விற்பனைத் தந்திரமாக இருந்த காலம் இதுதான்.

பொம்மைக் கடைக்குள் நுழைந்ததற்கு ஒரு விலையும் இருந்தது. அங்கே சிறுவர் அலமாரி வேறு, சிறுமியர் அலமாரி வேறு. வீடியோ கேம் சிறுவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1990களின் இதழ்களைப் புரட்டினால், முன்பு படத்தில் இருந்த அம்மாவும் மகளும் தாத்தாவும் அநேகமாகக் காணாமல் போயிருப்பார்கள். குடும்பம் என்பது தப்பித்து ஓட வேண்டிய இடமாகிவிட்டது.

நின்டெண்டோவின் போட்டி நிறுவனமான செகா இதைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. 1990இல், நின்டெண்டோவால் முடியாததை எங்கள் ஜெனிசிஸ் கன்சோல் செய்யும் என்று பெயர் சொல்லியே சண்டைக்கு நின்றது. சிறுவனிடம் அது சொன்னது இதுதான்: நின்டெண்டோ உன் தம்பிக்கு, நாங்கள் உனக்கு. அடுத்து ‘பிளாஸ்ட் பிராசசிங்’ என்ற மந்திரம். ஜெனிசிஸின் செயலி வேகமானது என்பது உண்மை, சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸ். போட்டியான சூப்பர் நின்டெண்டோவுக்கு 3.58. ஆனால் சூப்பர் நின்டெண்டோ 32,768 நிறங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும், ஜெனிசிஸுக்கு 512தான். செகா விளம்பரத்தில் நிறக் கணக்கு வராது. கையடக்கக் கருவிகளிலும் இதே கதை. நின்டெண்டோவின் ‘கேம் பாயில்’ நிறம் இல்லை என்று தன் ‘கேம் கியர்’ விளம்பரங்களில் செகா கேலி செய்தது. கேம் கியர் ஆறு பேட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்க்கும், கேம் பாய் நாலே பேட்டரியில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத் தேடுவதும் விளம்பரம் படிப்பதில் ஒரு பாதி.

‘பிட்’ கணக்கும் அப்படித்தான். செயலி ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அகலத்தை பிட் என்பார்கள். அது பெரிதாக இருப்பதாலேயே கேம் நன்றாக இருக்கும் என்பதில்லை. ‘டர்போகிராஃபிக்ஸ் 16’ என்று பெயரிலேயே 16 வைத்திருந்த கருவியின் மையச் செயலி 8 பிட்தான், படம் வரையும் சில்லுதான் 16. 1993இல் அடாரி தன் ‘ஜாகுவார்’ கன்சோலை 64 பிட் என்று சொல்லி, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றது. உள்ளே சில பகுதிகள் 64 பிட் அகலம், ஆனால் புரோகிராம்களை ஓட்டிய செயலிகள் அந்த அகலம் இல்லை. வாதம் இன்றும் ஓயவில்லை, கன்சோல் அன்றே ஓய்ந்துவிட்டது.

சிறுவர்களின் கவனத்துக்கான சத்தப் போட்டி முற்றியது. 1995இல் ‘எர்த்பவுண்ட்’ என்ற கேமுக்கு, சுரண்டினால் நாற்றம் அடிக்கும் அட்டையோடு விளம்பரம் செய்தார்கள். குழந்தைப் பருவத்தையும் வீட்டு ஞாபகத்தையும் பற்றிய மென்மையான கேம் அது. விளம்பரத்துக்கும் கேமுக்கும் தொடர்பே இல்லை, அமெரிக்காவில் விற்பனையும் படுத்துவிட்டது. 1997இல் ‘டைகட்டானா’ விளம்பரம் எல்லை தாண்டியது. சிவப்புப் பக்கம், கறுப்பு எழுத்து, கேம் காட்சி இல்லை. கேமை உருவாக்கிய ஜான் ரொமேரோ உன்னைத் தன் காலடியில் கிடத்தப் போகிறார் என்ற பொருளில், அச்சில் ஏற்றக் கூசும் ஒரு வசை. கேம் வந்ததோ 2000இல், வந்ததும் விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். ரொமேரோ பின்னர் அந்த விளம்பரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 1977இல் குடும்பத்தையே சோபாவில் உட்காரவைத்து உபசரித்த தொழில், இருபதே ஆண்டில் வாசகனையே திட்டி விற்கும் நிலைக்கு வந்து நின்றது.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்கே சிலர் தாளைச் சேர்த்து வைத்ததுதான் காரணம். பழைய நூலகங்கள் இதழ்களைக் கட்டி வைக்கும்போது இடம் மிச்சம் பிடிக்க விளம்பரப் பக்கங்களைப் பிய்த்து எறிந்துவிடும் வழக்கம் இருந்தது. கட்டுரை முக்கியம், விளம்பரம் குப்பை என்ற நினைப்பு. இன்று நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ சரியாக என்றைக்குக் கடைக்கு வந்தது என்பதற்கே உறுதியான சான்று இல்லை என்று 2012இல் ஃபிராங்க் சிஃபால்டி எழுதினார். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பழைய கடை விளம்பரத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவர் தொடங்கிய வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2025 ஜனவரியில் 1,500க்கு மேற்பட்ட இதழ்களை ஸ்கேன் செய்து பொதுவில் திறந்துவிட்டது. அதே அமைப்பின் 2023 ஆய்வு, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்கிறது. கேம் போய்விட்டது, விளம்பரம் இருக்கிறது என்ற நிலை பலவற்றுக்கு.

அச்சு விளம்பரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரே பக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி போனது. அப்பாவை மயக்க எழுதியதை மகனும் படித்தான், போட்டி நிறுவனமும் படித்தது, நாற்பது ஆண்டு கழித்து நாமும் படிக்கிறோம். பொய்யைப் பொய் என்று காட்டத் தாள் இருக்கிறது. இப்போது கைபேசியில் உங்களுக்கு வரும் கேம் விளம்பரம் எனக்கு வராது. எனக்கு வருவது ஒரு தட்டில் மறைந்துவிடும். யாரைப் பார்த்து என்ன சொல்லி விற்றார்கள் என்ற அதே கேள்வியை 1983ஐப் பற்றிக் கேட்டால் பக்கத்தைப் பிரித்துக் காட்டலாம். நம் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், அவர்களிடம் காட்டப் பெரும்பாலும் நம்மிடம் எதுவும் இருக்காது.